பழைய லீவரா, கிளிக் ஷிஃப்டரா, பேட்டரியா? முதல் கியர் சைக்கிள் எடுக்குறவங்களுக்கு

கியர் சைக்கிள் வாங்கலாம்னு கடைக்குப் போனா முதல்ல காதுல விழுறது "இது 21 கியர் சார், அது 27 கியர் சார்"ங்கிற கணக்குதான். அந்த நம்பரை இப்போதைக்கு ஓரமா வச்சிடுங்க. கியரை எப்படி மாத்துறோம், மாத்துறப்போ நம்ம கை எங்க இருக்கு, நாளைக்கு அது தகராறு பண்ணா நம்ம ஊர்ல யாரு சரி பண்ணுவாங்க, இந்த மூணுதான் முக்கியம். அந்த சைக்கிளை நீங்க வருஷக்கணக்கா ஓட்டப் போறீங்களா, இல்ல நாலு மாசத்துல மாடிப்படிக்குக் கீழ நிறுத்தி துணி காயப்போடப் போறீங்களாங்கிறதை இதுதான் முடிவு பண்ணும். புதுசா வாங்குறவங்களுக்கும், செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய ரோடு பைக்கைப் பார்த்து ஆசைப்பட்டு வச்சிருக்கவங்களுக்கும், ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் எழுதுறேன்.

முதல்ல உங்க முன்னாடி இருக்குறது எந்த வகைன்னு பாருங்க

ஃப்ரேம்ல ஹேண்டில்பார்ல இருந்து பெடல் பக்கம் சாய்வா இறங்குற குழாய் இருக்குல்ல, அதான் டவுன் டியூப். பழைய ரோடு பைக்ல அதுக்கு ரெண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை மெதுவா தள்ளிப் பாருங்க. எந்த சத்தமும் இல்லாம வழவழன்னு நகர்ந்து, விட்ட இடத்துல அப்படியே நின்னா அது ஃப்ரிக்ஷன் ஷிஃப்டர் (ஷிஃப்டர்னா கியரை மாத்துற லீவர்), உள்ள ஒரு வாஷரோட உராய்வுதான் லீவரைப் பிடிச்சு நிறுத்துது, வேற எந்த மெக்கானிசமும் கிடையாது. தள்ளும்போது டிக் டிக்னு படி படியா நின்னா அது இன்டெக்ஸ். சைக்கிள் பாகம் செய்யுற ஜப்பான் கம்பெனி ஷிமானோ, தன்னோட டூரா-ஏஸ்ங்கிற ரேஸ் கியர் செட்ல எஸ்ஐஎஸ்னு இந்த கிளிக் சிஸ்டத்தை 1984ல கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் சில வருஷத்துக்குள்ளயே மொத்த உலகமும் அந்தப் பக்கம் போயிடுச்சு. அதனால 80களோட ஆரம்பத்துக்கு முந்தைய சைக்கிள்னு யாராவது வித்தாங்கன்னா அது பெரும்பாலும் ஃப்ரிக்ஷன்தான்.

இப்ப கடையில கிடைக்குற எம்டிபி (மவுண்டன் பைக்), அதுவும் ரோடு பைக்கும் கலந்த ஹைபிரிட் எல்லாத்துலயும் கிளிக் ஷிஃப்டர்தான், ஆனா அது மூணு உருவத்துல வரும். கைப்பிடியையே முறுக்குற கிரிப் ஷிஃப்ட், ஹேண்டிலுக்கு மேல கட்டைவிரலால தள்ளுற தம்ப் ஷிஃப்டர், ஹேண்டிலுக்குக் கீழ கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சு அழுத்துற டிரிகர் ஷிஃப்டர். வளைஞ்ச ஹேண்டில் இருக்குற ரோடு பைக்ல பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒண்ணா சேர்ந்தே இருக்கும், 1990ல ஷிமானோ எஸ்டிஐன்னு ஆரம்பிச்சது, ரெண்டு வருஷத்துல போட்டிக் கம்பெனி கேம்பக்னோலோ எர்கோபவர்னு தன்னோடதைக் கொண்டு வந்தாங்க. கடைசியா எலக்ட்ரானிக், பட்டனை அழுத்தினா மோட்டார் கியரை மாத்தும், ஷிமானோ டிஐ2 2009ல வந்துச்சு, ஸ்ராம்ங்கிற இன்னொரு கம்பெனியோட வயரே இல்லாத ஈடேப் 2015ல.

பின் சக்கரத்தோட நடுப்பாகமான ஹப்புக்குள்ளயே கியர் இருக்குற வகையும் ஒண்ணு இருக்கு, ஸ்டர்மி-ஆர்ச்சர் 3 ஸ்பீடு மாதிரி. சிக்னல்ல நின்னுக்கிட்டே கியர் மாத்தலாம், மழை தூசி உள்ள போகாது, ஊருக்குள்ள மட்டும் ஓட்ட ரொம்ப நல்ல விஷயம். ஆனா உள்ள ஏதாவது போச்சுன்னா பிரிச்சு சேர்க்கத் தெரிஞ்ச ஆள் நம்ம பக்கம் ரொம்பக் கம்மி, அதனால இந்தக் கட்டுரையில அதுக்கு மேல போகல.

கிளிக் எங்க நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்

நிறைய பேர் தப்பா நினைக்குறது இங்கதான். கிளிக், செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற, பின்னாடி தொங்குற டெரெய்லர்ல இல்ல, கையில இருக்குற ஷிஃப்டர்ல இருக்கு. டெரெய்லர் ஒரு ஸ்பிரிங் போட்ட கைதான், கேபிளை எவ்வளவு இழுக்குறோமோ அந்த விகிதத்துல உள்ள நகரும், விட்டா வெளிய வரும். ஷிமானோவோட பழைய 8 ஸ்பீடு கணக்கைப் பாருங்க, ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் சுமார் 2.8 மி.மீ கேபிள் இழுக்கும், டெரெய்லர் அதை 1.7 மடங்கு ஆக்கும், பெருக்கினா கிட்டத்தட்ட 4.8 மி.மீ, 8 ஸ்பீடு கேசட்ல (பின் சக்கரத்துல இருக்குற பல்சக்கர அடுக்கு) ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் சரியா அதேதான். இந்த மூணு நம்பரும் ஒத்துப் போனாத்தான் செயின் சரியா போய் உக்காரும். ஸ்ராமோட பல டெரெய்லர்ல விகிதம் 1.7 கிடையாது, கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு. அதனால ஒரு கம்பெனி ஷிஃப்டரை இன்னொரு கம்பெனி டெரெய்லரோட கண்ணை மூடிட்டு மாட்டினா ரெண்டு கியர் சரியா விழும், மூணாவதுல இருந்து கரகரன்னு சத்தம்தான் வரும். ஒரே கம்பெனிக்குள்ளயும் இந்தப் பிரச்சனை உண்டு, ஷிமானோவோட 10 ஸ்பீடு ரோடு ஷிஃப்டரும் 10 ஸ்பீடு எம்டிபி டெரெய்லரும் சேராது.

ஃப்ரிக்ஷன் லீவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே வேணாம். 5 ஸ்பீடோ 9 ஸ்பீடோ, எந்தக் கம்பெனி டெரெய்லரோ, நீங்க கையால செயின் உக்காருற இடம் வரைக்கும் இழுக்குறீங்க, அவ்வளவுதான். பழைய சைக்கிளை உயிரோட வச்சிருக்கணும்னு நினைக்குறவங்க, ரொம்ப தூரம் ஆள் அரவம் இல்லாத ரூட்ல டூர் போறவங்க இன்னிக்கும் ஃப்ரிக்ஷனை விடாம வச்சிருக்க காரணம் இதுதான். கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும், டெரெய்லரை ஃப்ரேம்ல மாட்டுற ஹாங்கர் லேசா வளைஞ்சாலும், ஒரு பல்சக்கரம் வேற சைஸ்ல மாட்ட வேண்டி வந்தாலும் லீவரைக் கொஞ்சம் கூட நகர்த்தி ஓட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்.

அடுத்து, எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க

இதை நேர்மையா உங்களையே கேட்டுக்குங்க. சென்னை ஈசிஆர் மாதிரி சமதளத்துல காலையில ஓட்டுறவருக்கும், சேலத்துல இருந்து ஏற்காடு ஏறணும்னு நினைக்குறவருக்கும், டவுன் டிராஃபிக்ல ஆபீஸ் போறவருக்கும் தேவை வேற வேற.

டிராஃபிக்ல ஓட்டுறவங்களுக்கு டவுன் டியூப் லீவர் வேணாம்னுதான் நான் சொல்லுவேன், அது எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. ஒவ்வொரு தடவை கியர் மாத்தவும் ஒரு கையை ஹேண்டில்ல இருந்து எடுத்து முட்டிக்குப் பக்கத்துல கொண்டு போகணும், அதே நேரம் முன்னாடி ஒரு ஷேர் ஆட்டோ திடீர்னு நின்னா ஒரு கையாலதான் பிரேக் பிடிக்கணும், ரோட்டுல ஒரு குழி வந்தா ஒரு கையாலதான் ஹேண்டிலைப் பிடிச்சிருப்பீங்க. அனுபவம் உள்ளவங்க சமாளிப்பாங்க, புதுசா ஓட்டுறவங்க ரிஸ்க் எடுக்க வேணாம். பழைய பைக்தான் வேணும், ஃப்ரிக்ஷன்தான் வேணும்னா லீவரை மட்டும் ஹேண்டிலுக்கு மாத்திடுங்க. மைக்ரோஷிஃப்ட் மாதிரி கம்பெனிங்க போடுற தம்ப் ஷிஃப்டர் சிலதுல ஒரு சின்ன திருகு இருக்கும், அதைத் திருப்பினா கிளிக் மோட், இன்னொரு பக்கம் திருப்பினா ஃப்ரிக்ஷன் மோட். எனக்குத் தெரிஞ்சு புதுசா வர்றவங்களுக்கும் டூர் போறவங்களுக்கும் இதைவிட நிம்மதியான ஷிஃப்டர் கிடையாது, தினமும் கிளிக்ல ஓட்டலாம், வழியில ஏதாவது மக்கர் பண்ணா ஃப்ரிக்ஷனுக்கு மாத்திட்டு வீடு வந்து சேரலாம்.

மலை ஏறணும்னா ஷிஃப்டரைப் பார்க்குறதுக்கு முன்னாடி பல்லை எண்ணுங்க. முன்னாடி பெடலோட சேர்ந்து சுத்துற பல்சக்கரம்தான் செயின்ரிங், அதுல சின்னதுல எத்தனை பல், பின்னாடி இருக்குற பெரிய பல்சக்கரத்துல எத்தனை பல், முன்னாடியை பின்னாடியால வகுங்க. அதுதான் உங்க ஏத்தக் கியர். ரோடு பைக்ல பொதுவா முன்னாடி 34, பின்னாடி 28 வரும், வகுத்தா 1.21. ஒரு சுத்துக்கு டயர் சுமார் 2.1 மீட்டர் போகுதுன்னு வச்சுக்கிட்டா, நிமிஷத்துக்கு 60 தடவை பெடல் சுத்தினா மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல போயாகணும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவுல அந்த வேகத்தைப் புதுசா ஓட்டுறவங்க பிடிக்கவே முடியாது, பெடல் கல்லா இறுகிடும், முட்டி வலி ஆரம்பிக்கும். அதே இடத்துல முன்னாடி 32, பின்னாடி 46ன்னா 0.7, அதே 60 சுத்துக்கு 5 கிலோமீட்டர் சொச்சம் போனா போதும், மெதுவா ஆனா இறங்காம ஏறிடலாம்.

21 கியர்ங்கிற கணக்கும் இங்கதான் உடையுது. முன்னாடி 48-38-28, பின்னாடி 14ல இருந்து 28 வரைக்கும் 7 பல்சக்கரம், இதான் கடையில நிறைய பார்க்குற 21 கியர். இதுல ரொம்ப லேசான கியர் 1.0, ரொம்ப கனமான கியர் 3.4, அதாவது வீச்சு 3.4 மடங்கு. முன்னாடி ஒரே ஒரு செயின்ரிங், பின்னாடி 11ல இருந்து 46 வரைக்கும் 9 பல்சக்கரம் இருக்குற சைக்கிளோட வீச்சு 4.2 மடங்கு. 9 கியர் சைக்கிள் 21 கியர் சைக்கிளைவிட அகலமா வேலை செய்யுது. ஏன்னா அந்த 21ல பாதிக்கு மேல ஒண்ணை மாதிரியே இன்னொண்ணு இருக்கும், பெரிய செயின்ரிங்கும் பெரிய பல்சக்கரமும் சேர்ற மாதிரி சிலதுல செயின் கோணலா ஓடும், அதைப் பயன்படுத்தவே கூடாது. முன்னாடி ஒரே செயின்ரிங் இருக்குறதை ஒன்-பைன்னு சொல்லுவாங்க, இடது கைக்கு ஷிஃப்டரே கிடையாது, முன் டெரெய்லர் கிடையாது, டியூன் பண்ண வேண்டிய விஷயம் பாதியாக் குறையுது. பட்ஜெட் இடம் கொடுத்தா புதுசா வாங்குறவங்க இதைத்தான் எடுக்கணும்னு நான் அடிச்சு சொல்லுவேன். டாப் கியர்ல 32க்கு 11, நிமிஷத்துக்கு 90 சுத்து சுத்தினா மணிக்கு 33 கிலோமீட்டர், புதுசா ஓட்டுறவங்களுக்கு இது தாராளம்.

எலக்ட்ரானிக் வேணுமா

நல்ல சிஸ்டம்தான், அதுல சந்தேகமே இல்ல. கேபிள் இல்லாததால கேபிள் தளர்ற பிரச்சனை இல்ல, மழையில கேபிளைச் சுத்தி இருக்குற உறையான அவுட்டருக்குள்ள தண்ணி போய் துரு பிடிக்குற வேலை இல்ல, விரல்ல பலம் குறைவா இருக்குறவங்களுக்கு, மூட்டு வலி உள்ளவங்களுக்கு லேசா தொட்டா கியர் மாறுறது பெரிய வரம். ரேஸ் ஓட்டுறவங்க இப்ப இதுலதான் ஓட்டுறாங்க, 2021ல வந்த டூரா-ஏஸ் எலக்ட்ரானிக்ல மட்டும்தான் வந்துச்சு, கேபிள் மாடலே போடல. ஆனா புதுசா வர்றவங்க யோசிக்க வேண்டியது கீழ விழுந்தா என்ன ஆகும்ங்கிறதை. ஒரு சாதாரண 8 ஸ்பீடு டெரெய்லர் உடைஞ்சா புதுசு மாட்டிட்டு அடுத்த நாளே ஓட்டலாம், எலக்ட்ரானிக் டெரெய்லர் ஒண்ணோட விலை ஒரு நடுத்தர ஹைபிரிட் சைக்கிள் விலையைத் தொடும், உங்க ஊர் கடையில ஸ்டாக் இருக்காது, வரவழைக்கணும். சார்ஜ் போட மறந்தா எந்தக் கியர்ல இருக்கோ அதுலயே மாட்டிக்குவீங்க. டிஐ2ல சார்ஜ் தீரப் போறப்போ முதல்ல முன் டெரெய்லர் நின்னுடும், அதான் எச்சரிக்கை, அப்பவே வீட்டுப் பக்கம் திருப்பிடுங்க. ஒரு வருஷமாவது கேபிள் சைக்கிள் ஓட்டி, டியூனிங் கையில பழகினப்புறம் இதுக்கு வாங்க, அப்போ எதுக்கு காசு குடுக்குறோம்னு உங்களுக்கே புரியும்.

கிளிக் ஷிஃப்டர்லயே எதை எடுக்குறது

டிரிகர் இல்லன்னா தம்ப். கிரிப் ஷிஃப்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், நம்ம ஊர் வெயிலுக்குக் கை வேர்த்து வழுக்கும், ஸ்பீடு பிரேக்கர்ல ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும்போது தன்னால கியர் மாறிடும், கேபிள் மாத்துறதும் சள்ளை. டிரிகர்ல உள்ள கியர் நம்பர் காட்டுற ஜன்னல் இருந்தா ஆரம்பத்துக்கு வசதி.

எத்தனை ஸ்பீடுன்னு கேட்டா, 8 இல்லன்னா 9. செயின் விலை கம்மி, 7, 8 ஸ்பீடு செயின் கொஞ்சம் அகலம், சுமார் 7 மி.மீ, 11 ஸ்பீடு செயின் 5.5 மி.மீதான். மெல்லிசா ஆக ஆக டியூனிங்ல கொஞ்சம் பிசகினாலும் சத்தம் போடும். ஷிமானோ 2023ல க்யூஸ்னு ஒரு வரிசை கொண்டு வந்திருக்கு, அதுல 9, 10, 11 ஸ்பீடு மூணுக்கும் பல்சக்கர இடைவெளியும் செயினும் ஒண்ணுதான், பின்னாடி 9ல இருந்து 10க்குப் போகணும்னா எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்ல. புது சைக்கிள்ல இது இருந்தா தைரியமா எடுங்க.

இன்னொண்ணு, இதைக் கடையில யாரும் தானா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்: பின்னாடி இருக்குறது ஃப்ரீவீலா கேசட்டா? ஃப்ரீவீல்னா பல்சக்கரமும் கட்கட்னு சுத்துற பாகமும் சேர்ந்து ஒரே துண்டா ஹப்புல திருகி மாட்டியிருக்கும், அதனால வலது பக்க பேரிங் உள்ள தள்ளி இருக்கும், ஆக்ஸிலோட ஓரம் தாங்கல் இல்லாம நீட்டிக்கிட்டு இருக்கும், கொஞ்சம் கனமான ஆளுங்க மேடு பள்ளத்துல ஓட்டினா ஆக்ஸில் வளையும், சில சமயம் உடையும். கேசட்ல பேரிங் ஓரத்துல இருக்கும், இந்தப் பிரச்சனை கிட்டத்தட்ட இல்ல. 7 ஸ்பீடுன்னா பெரும்பாலும் ஃப்ரீவீல், 8ம் அதுக்கு மேலயும் பெரும்பாலும் கேசட், ஆனா கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

பழைய பைக்கை எடுக்குறதா இருந்தா

பின் சக்கரம் உக்காருற இடத்துல ஃப்ரேமோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளந்துடுங்க. பழைய ரோடு பைக்ல 120 இல்லன்னா 126 மி.மீ இருக்கும், பின்னால வந்த ரிம் பிரேக் ரோடு வீலுக்கு 130 வேணும். ஃப்ரேம் ஸ்டீலா இருந்தா தெரிஞ்ச ஆளை வச்சு கொஞ்சம் விரிக்கலாம், அலுமினியம்னா கையே வைக்கக் கூடாது, விரிசல் விட்டுடும். காந்தம் ஒட்டுதான்னு பார்த்தாலே பெரும்பாலும் ஸ்டீலான்னு தெரிஞ்சுடும். அளவு ஒத்து வரலன்னா கவலைப்படாதீங்க, இருக்குற 5, 6 ஸ்பீடு ஃப்ரீவீலையே வச்சு புது செயின், புது கேபிள் போட்டு ஃப்ரிக்ஷன்லயே ஓட்டுங்க, அருமையா ஓடும்.

ஃப்ரிக்ஷன் பழகுறதுக்கு ஒரு காலி ரோடும் கொஞ்சம் பொறுமையும் போதும். பெடலை லேசா சுத்திக்கிட்டே, அழுத்தம் குடுக்காம, லீவரை இழுங்க, பெரிய பல்சக்கரத்துக்குப் போறப்போ வேணுங்கிறதைவிட ஒரு நூல் கூட இழுத்து செயின் ஏறினதும் அந்த நூலைத் திரும்ப விடுங்க. காதைக் குடுங்க, கரகரன்னு சத்தம் வந்தா இன்னும் சரியா உக்காரலன்னு அர்த்தம், சத்தம் அடங்குற இடம்தான் சரியான இடம். ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடணும், பாதி ஏத்தத்துல முழு பலத்தோட மிதிச்சுக்கிட்டே மாத்தினா செயின் குதிக்கும்.

கடையிலயே செய்ய வேண்டிய சோதனை

சைக்கிளைப் பின்னாடி தூக்கிப் பிடிச்சு பெடலைச் சுத்தச் சொல்லி, ஒவ்வொரு கிளிக்கா கடைசி வரைக்கும் போங்க, திரும்பவும் வாங்க. ஒரு கிளிக்குக்கு ஒரு கியர், உடனே மாறணும். அப்புறம் பின்னாடி போய் நின்னு ஒரு கண்ணை மூடிப் பாருங்க, டெரெய்லர்ல இருக்குற ரெண்டு சின்ன சக்கரமும் மேல இருக்குற பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், டெரெய்லர் உள்பக்கமா சாய்ஞ்சு தெரிஞ்சா ஹாங்கர் வளைஞ்சிருக்கு, அதை நிமித்தாம எத்தனை தடவை டியூன் பண்ணாலும் நிக்காது.

அவுட்டர் கேபிளையும் பாருங்க. கியருக்குப் போடுற அவுட்டர்ல உள்ள கம்பிங்க நீளவாக்குல நேரா போகும், பிரேக் அவுட்டர்ல ஒரே தட்டைக் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும். வெட்டின முனையில கேப்பைக் கழட்டிப் பார்த்தா நல்லா தெரியும், கியர் அவுட்டர்ல சுத்தி சின்னச் சின்னக் கம்பிப் புள்ளிங்க வட்டமா நிக்கும். அவசரத்துக்கு கியருக்கு பிரேக் அவுட்டரை மாட்டி விடுறது உண்டு, இழுக்கும்போது அது கொஞ்சம் சுருங்கும், ஃப்ரிக்ஷனா இருந்தா அது தெரியவே தெரியாது, கிளிக் ஷிஃப்டர்ல ஒரு கியரும் சரியா நிக்காது.

வாங்கினப்புறம்

புது கேபிளும் அவுட்டரும் முதல் சில வாரத்துல உக்காந்து கொஞ்சம் தளரும், அப்போ செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கும். டெரெய்லருக்குள்ள கேபிள் போற இடத்துல, இல்லன்னா ஷிஃப்டர் பக்கத்துல, கையாலயே திருகுற ஒரு பேரல் இருக்கும். அதைப் பின்பக்கம் நின்னு பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிரா கால் சுத்து திருகுங்க, கேபிள் இறுகும், பெடலைச் சுத்தி ஒரு கிளிக் போட்டுப் பாருங்க, போதலன்னா இன்னொரு கால் சுத்து. சின்ன பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினா அப்படியே எதிர்ப்பக்கம். டெரெய்லர்ல எச், எல்னு போட்டிருக்குற ரெண்டு ஸ்குரூவைத் தொடாதீங்க, அது செயின் ரெண்டு ஓரத்துலயும் தாண்டிப் போகாம தடுக்குற எல்லைக் கல் மாதிரி, எல் தப்பா இருந்தா டெரெய்லர் ஸ்போக்குக்குள்ள போயிடும்.

ஒரே ஒரு சமயம் மட்டும் எச் ஸ்குரூவைத் தொடலாம். வழியில பின் கேபிள் அறுந்துச்சுன்னா ஸ்பிரிங் இழுத்து செயின் சின்ன பல்சக்கரத்துல போய் நின்னுடும், அந்தக் கனமான கியர்ல மேடு ஏற முடியாது. அப்போ பெடலைக் கையால சுத்திக்கிட்டே எச் ஸ்குரூவை உள்பக்கமா திருகுங்க, செயின் ஒண்ணு ரெண்டு பல்சக்கரம் மேல வந்து நிக்கும், அதுலயே வீடு வந்து சேரலாம். எத்தனை சுத்து திருகினோம்னு எண்ணி வச்சுக்கிட்டு, புது கேபிள் போடும்போது அதே அளவு திரும்ப விட்டுடுங்க. கேபிள் பெரும்பாலும் ஷிஃப்டர் தலைக்குப் பக்கத்துலதான் ஒவ்வொரு இழையா அறுந்துக்கிட்டே வரும், கியர் மாத்துறப்போ லீவர் வழக்கத்தைவிட கனமாவோ சொரசொரன்னோ தெரிஞ்சா உடனே மாத்திடுங்க, அறுந்த இழைங்க ஷிஃப்டருக்குள்ள சிக்கிக்கிச்சுன்னா அதை எடுக்குறது பெரிய வேலை. 1.2 மி.மீ கியர் கேபிள் ஒண்ணும், ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரும், ஆலன் கீயும் எப்பவும் சீட்டுக்குக் கீழ இருக்குற பையில போட்டு வச்சுக்குங்க.